கேப்சூல் போட்டாயிற்று, இனி எதில் அடுக்குவது?

நாணயத்தைக் கேப்சூலில், அதாவது தெளிவான பிளாஸ்டிக் கூட்டில், போட்டதும் வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறோம். இடப் பிரச்சினை அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு சின்ன டப்பாவில் கிடந்த சேகரிப்பு, கேப்சூல் ஏறியதும் பீரோவில் ஒரு தட்டு முழுவதையும் கேட்கும். வட்டக் கேப்சூல் உருளும். சதுரக் கேப்சூல் அதோடு சேர்ந்து அடுக்க வராது. கிரேடிங் ஆகி வந்த ஸ்லாப் (தரம் மதிப்பிட்ட நிறுவனம் நாணயத்தை முத்திரையிட்டு அடைத்துத் தரும் பிளாஸ்டிக் கூடு) இரண்டோடும் ஒட்டாது. கடையில் கேட்டால் தட்டு, பெட்டி, ஆல்பம், மரப் பேழை என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார்கள். எதை வாங்குவது என்பது உங்களிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு அடிக்கடி எடுத்துப் பார்ப்பீர்கள், எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்ற மூன்றையும் பொறுத்தது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் பக்கத்துச் சேகரிப்பாளர் ஒருவரிடம் வழக்கமாக இருப்பதை வைத்தே பேசுவோம். விக்டோரியா முதல் ஆறாம் ஜார்ஜ் வரை சில வெள்ளி ரூபாய்கள், ஒவ்வொன்றும் 11.66 கிராம், விட்டம் 30.5 மி.மீ. சுற்றி. சுதந்திரத்துக்குப் பிந்தைய நினைவு நாணயங்கள்: 23 மி.மீ. ஐந்து ரூபாய், 27 மி.மீ. இரட்டை உலோகப் பத்து ரூபாய், 1969இல் வந்த 34 மி.மீ. காந்தி வெள்ளிப் பத்து ரூபாய். அப்புறம் அரசு மின்ட்டிலிருந்து (நாணயச்சாலை) நேராக வாங்கிய 44 மி.மீ. பெரிய காசுகள் சில. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஆயிரம் ரூபாய் நாணயம் அந்த ரகம்தான். 35 கிராம் எடை, எண்பது சதவீதம் வெள்ளி. கடைசியாக, என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் என்ற அமெரிக்க கிரேடிங் நிறுவனங்களின் ஸ்லாப் நாலைந்து.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே வெளி அளவுக்குக் கொண்டுவந்து, நீளப் பெட்டியில் நிற்கவைத்து, அந்தப் பெட்டியை ஈரம் புகாத டப்பாவுக்குள் வைப்பதுதான் நம் சீதோஷ்ணத்துக்கும் வளர்ந்துகொண்டே போகும் சேகரிப்புக்கும் ஒத்துவரும். மற்றவையெல்லாம் குறிப்பிட்ட சிலருக்குப் பொருந்தும். யாருக்கு எது என்று பார்ப்போம்.

முதலில் கேப்சூலையே முடிவு செய்யுங்கள்

வெளிப்பெட்டி வாங்குமுன் கேப்சூலை ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று வகை புழக்கத்தில் உண்டு. நாணயத்தின் விட்டத்துக்கே அச்செடுத்த வட்டக் கேப்சூல் ஒன்று. பெரிய கேப்சூலுக்குள் ஃபோம் வளையம் வைத்து நாணயத்தைப் பிடிக்கவைப்பது இன்னொன்று. மூன்றாவது, 50 மி.மீ. சதுரச் சட்டம், நடுவில் நாணயத்தின் அளவுக்கு வட்டம் வெட்டியிருக்கும். லைட்ஹவுஸ் நிறுவனத்தின் குவாட்ரம் இந்த ரகத்தில் பேர்போனது. அதே அளவில் விலை குறைந்த சதுரங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அளவுக்கு அளவு செய்த வட்டக் கேப்சூலில் நாணயம் மிக அழகாகத் தெரியும். விளிம்புகூடத் தெரியும். ஆனால் அளவு சரியாக அமைய வேண்டும். பழைய வெள்ளி ரூபாயில் தேய்மானத்தைப் பொறுத்து விட்டம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். 'ரூபாய்க்கு இந்தச் சைஸ்' என்று கடைக்காரர் கொடுப்பதை அப்படியே மொத்தமாக வாங்காமல், பிளாஸ்டிக் வெர்னியர் அளவுகோல் ஒன்றால் அளந்துகொண்டு போவது நல்லது. இரும்பு வெர்னியர் வேண்டாம், விளிம்பில் கோடு போடும். நாணயத்தை உள்ளே வைத்து மூடியபின் காதருகே லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் அளவு பெரிது. அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விளிம்பு இடித்து இடித்து நசுங்கும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் திறக்கிறபோது நாணயம் துள்ளிக் கீழே விழும். மேஜையில் மடித்த துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் திறப்பதுதான் வழக்கம்.

வளையம் வைத்தது வசதியானது. ஒரே வெளி அளவில் பல விட்டங்கள் அடங்கும். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஃபோம் நாணயத்தின் விளிம்பைத் தொட்டபடியே இருக்கிறது. தரம் குறைந்த ஃபோம் என்றால் சில வருஷங்களில் வெள்ளியின் ஓரத்தைச் சுற்றி மங்கலான வளையம் விழுவதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். தாமிர நாணயத்துக்கும், சேகரிப்பாளர்களுக்கென்றே மெருகோடு அடிக்கும் பளபளப்பான புரூஃப் நாணயத்துக்கும் இதைத் தவிர்த்துவிடுவேன்.

சதுரம்தான் அடுக்குவதற்கு லாயக்கு. உருளாது, நிமிர்ந்து நிற்கும், மேல் விளிம்பில் லேபிள் ஒட்ட இடம் உண்டு, 14 மி.மீ. காசும் 41 மி.மீ. காசும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அளவு. சிக்கல் எங்கே வருகிறது என்றால் நம்முடைய 44 மி.மீ. நாணயங்களில். 50 மி.மீ. சதுரங்கள் சாதாரணமாக 41 மி.மீ. வரைதான் வருகின்றன, ஏனென்றால் வெளிநாட்டு அவுன்ஸ் வெள்ளி நாணயங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே பெரிய கோயில் ஆயிரம் ரூபாய்க்கும் அதன் அண்ணன் தம்பிகளுக்கும் தனியாகப் பெரிய கேப்சூல், தனிப் பெட்டி என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவது மேல். அவற்றை மின்ட் கொடுத்த செட் பெட்டியோடு வாங்கியிருந்தால் பிரிக்கவே வேண்டாம். செட்டாக விற்கும்போது அந்தப் பெட்டிக்கும் சான்றுத் தாளுக்கும் சேர்த்துத்தான் விலை.

பழங்காசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சோழர் செம்புக்காசு, பாண்டியர் சதுரக்காசு, அரை கிராம்கூடத் தேறாத தங்கப் பணம் ஆகியவற்றுக்கு எந்த ஆயத்தக் கேப்சூலும் சரியாக வராது. சதுரக் கேப்சூலுக்குள் வைக்கும், நடுவில் துளையில்லாத செருகலை வாங்கி, காசின் வடிவத்துக்கு நாமே வெட்டிக்கொள்வதுதான் வழி. பொறுமை வேண்டும், வேறொன்றுமில்லை.

தட்டு

நாணயங்களை வரிசையாகப் படுக்கவைத்து, இழுத்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற தட்டுதான் கண்ணுக்கு விருந்து. வந்தவருக்குக் காட்ட இதைப் போல இன்னொன்று இல்லை. ஆட்சியாளர் வரிசையில் 1835 நான்காம் வில்லியம் ரூபாயிலிருந்து ஆரம்பித்து ஒரு தட்டு முழுக்க நிறைந்து கிடப்பதைப் பார்ப்பது தனி சுகம்.

ஆனால் தட்டு இடத்தைத் தின்னும். 50 மி.மீ. சதுரங்கள் இருபதைப் படுக்கவைக்க 20க்கு 25 செ.மீ. பரப்பு வேண்டும். அதே இருபதை நிற்கவைத்தால், ஒன்று ஆறேகால் மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டரை செ.மீ. நீளப் பெட்டி போதும். இன்னொரு தொல்லையும் உண்டு. தட்டில் குழிகள் நிலையானவை. 1903 எட்வர்ட் ரூபாய்க்கும் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கும் நடுவில் புதிதாக 1907 ஒன்று வந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொரு குழி தள்ளிவைக்க வேண்டும். வெற்றுக் குழிகளை விட்டுவைக்கலாம் என்றால், எது வரும் எது வராது என்று யாருக்குத் தெரியும்? சேகரிப்பு முடிந்துபோய் இனி சேராது என்ற நிலையில் இருப்பவருக்குத் தட்டு. அல்லது ஒரு மன்னர், ஒரு மதிப்பு என்று எல்லை கட்டிக்கொண்டு சேர்ப்பவருக்கு.

வெல்வெட் விரித்த தட்டு வாங்குகிறவர்கள் துணியை மோந்து பார்க்கட்டும். பசை நாற்றம் வந்தால் வேண்டாம். கேப்சூலுக்குள்தானே இருக்கிறது என்ற சமாதானம் செல்லாது. எந்தக் கேப்சூலும் காற்றை முழுக்கத் தடுப்பதில்லை, ஸ்லாபும் அப்படித்தான்.

நீளப் பெட்டி

ஸ்லாபுக்கென்றே வரும் பெட்டிகளில் இருபது அடங்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே அந்தக் கணக்கில்தான் தங்கள் பெட்டிகளைத் தருகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் ஸ்லாபின் கனம் கொஞ்சம் மாறும், ஆகவே ஒருவர் பெட்டியில் இன்னொருவர் ஸ்லாப் இறுகவோ ஆடவோ செய்யலாம். வாங்கும்போதே உங்களிடம் இருக்கும் ஸ்லாப் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

சதுரக் கேப்சூலுக்கான நீளப் பெட்டிக்கும் இதே குணம். லேபிள் மேல்பக்கம் தெரிய நிற்கும். விரலால் முன்னும் பின்னும் தள்ளித் தேடலாம். புதிதாக ஒன்று வந்தால் நடுவில் செருகினால் முடிந்தது, மற்றதெல்லாம் தானாக நகரும். சேகரிப்பு வளரும்போது இன்னொரு பெட்டி வாங்கினால் போதும். இந்த ஒரு வசதிக்காகவே நான் பெட்டியின் பக்கம். பெரிய குறை, எடுத்துப் பார்த்தால்தான் நாணயம் தெரியும். இரண்டு கேப்சூல்கள் உரசிக்கொண்டே நின்றால் முகத்தில் நுண்கோடு விழும் என்பதும் உண்மை. ஸ்லாபுக்கு மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறை கிடைக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீரும்.

அட்டைப் பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா? அட்டை மலிவு. ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சாதா அட்டையில் அமிலமும் இருக்கும். பிளாஸ்டிக்குக்கே என் ஓட்டு.

நம் சேகரிப்புகளில் ஸ்லாப் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்குக் கட்டணம் மட்டும் காரணமில்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1911இல் வந்து பன்றி ரூபாய் என்று பெயர் வாங்கிய ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் (மன்னர் சட்டையில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் வந்த வினை) அந்த வயதைத் தாண்டிவிட்டது. கிரேடிங்குக்கு அமெரிக்கா அனுப்பலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் தலையாட்டிவிட வேண்டாம். ஆகவே இந்தியாவில் உட்கார்ந்து பழைய ரூபாய் சேர்க்கிறவர், ஸ்லாபை மையமாக வைத்துப் பெட்டி வாங்குவதைவிடச் சதுரக் கேப்சூலை மையமாக வைத்து வாங்குவதே பொருத்தம். நாலைந்து ஸ்லாபுக்கு ஒரு தனிப் பெட்டி போதும்.

ஆல்பம், சட்டம், மரப் பேழை

ஆல்பம் கேப்சூல் போடாத நாணயத்துக்கு ஏற்றது. கேப்சூல் ஏறியபின் பக்கம் கனத்துத் தொங்கும், வளையக் கம்பி வாய் பிளக்கும். கேப்சூலுக்கென்று தடித்த பக்கங்கள் வருவது தெரியும். சிறிய சேகரிப்புக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் பழைய ஆல்பத்தைக் கைவிட்டுக் கேப்சூலுக்கு மாறுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருவோரக் கடைகளில் விற்கும் மலிவு ஆல்பப் பக்கம் பெரும்பாலும் மிருதுவான பிவிசி. அதை வளையவைக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் கசிந்து நாணயத்தின் மேல் பச்சைப் பசையாகப் படியும். அந்தப் பசையோடு கேப்சூலில் அடைத்தால் அரிப்பு உள்ளேயும் தொடரும். வாசனைப் பொருள் சேர்க்காத சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் உலர்த்தி, அதற்குப் பிறகு கேப்சூலில் போட வேண்டும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு பக்கத்தில் இல்லாமல். அசிட்டோன் பட்டால் கேப்சூலும் ஸ்லாபும் கரையும் என்பதால் அவை தூரத்தில் இருக்கட்டும்.

சுவரில் மாட்டும் சட்டம் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஒரு வெள்ளி நாணயம், ஒரு பரிசு, ஒரு நினைவு என்றால் மாட்டுங்கள். வெயில் படாத சுவராகப் பார்த்து.

மரப் பேழைக்கு ஐரோப்பாவில் நீண்ட மரபு உண்டு. அங்கே நல்ல நாணயப் பேழைகளை மஹோகனி மரத்தில்தான் செய்வார்கள். ஓக் போன்ற மரங்களிலிருந்து வெளிவரும் அமில ஆவி உலோகத்தை அரிப்பதே காரணம். ஒட்டுப்பலகையும் எம்டிஎஃப் பலகையும் இன்னும் மோசம், அவற்றின் பசையிலிருந்தும் ஆவி வரும். உள்ளூர் தச்சரிடம் ஒட்டுப்பலகையில் இழுப்பறை அடித்துத் தரச் சொல்வதைவிட, சாதாரண இரும்பு பீரோவின் தட்டு எவ்வளவோ மேல்.

பீரோ என்றதும் நினைவுக்கு வருவது பாச்சை உருண்டை. துணி வைக்கும் பீரோவில் நாணயப் பெட்டியும் இருந்தால் உருண்டையை எடுத்துவிடுங்கள். கேப்சூலும் ஸ்லாபும் செய்யும் பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்கை அந்த ஆவி இளக்கி மங்கவைக்கும். அதேபோல் கேப்சூல்களைக் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு வைப்பதும் கூடாது. ரப்பரிலிருந்து வரும் கந்தகம்தான் வெள்ளியைக் கறுக்கவைக்கும் முதல் எதிரி.

ஈரம்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது. தாமிர நாணயத்தில் பச்சையாகப் பொடி பூத்துப் பரவும் நோய்க்கு உப்பிலுள்ள குளோரைடும் ஈரமும்தான் காரணம். கோவை, சேலத்துக்காரர்களுக்குக் கவலை குறைவு. கவலையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செலவில்லாத ஏற்பாடு இதுதான்: நான்கு பக்கமும் கிளிப் போடும், மூடியில் சிலிகான் பட்டை வைத்த பாலிப்ரொப்பிலீன் சமையலறை டப்பா ஒன்று. அதற்குள் நீளப் பெட்டி. ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் துணிப்பையில். கூடவே சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. நாற்பது சதவீதத்தை ஒட்டி எண் நின்றால் போதும். ஐம்பதைத் தாண்டினால் ஜெல்லைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சு ஜெல் ஈரம் குடித்ததும் பச்சையாகும். சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய பாத்திரத்தில் 120 டிகிரி சுற்றிச் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். நீல ஜெல் வேண்டாம். அதில் நிறம் மாறச் சேர்ப்பது கோபால்ட் குளோரைடு, நச்சு. ஜெல் கேப்சூலுக்குள் போகக் கூடாது, அதன் தூசியும் படக் கூடாது.

தட்டுப் பேழையை இப்படி ஒரு டப்பாவுக்குள் அடைக்க முடியாது. கடலோரத்தில் நீளப் பெட்டி ஜெயிப்பதற்கு இதுவே பெரிய காரணம். தீப்பிடிக்காத பெட்டகம் என்று விற்பதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: தீயைத் தாங்க அதன் சுவருக்குள் அடைத்திருக்கும் பொருளில் நீர் கலந்திருக்கும், ஆகவே உள்ளே ஈரப்பதம் சாதாரணமாகவே கூடுதல். வாங்கினாலும் உள்ளே ஈரம் புகாத டப்பா அவசியம்.

எந்த வரிசையில்?

பெட்டி வாங்கியாயிற்று. மன்னர் வரிசையா, மதிப்பு வரிசையா, மின்ட் வரிசையா என்று வாதம் போகும். நான் சொல்வது, பெட்டிக்குள் எந்த வரிசையும் இருக்கட்டும், எண் மட்டும் மாறாதிருக்கட்டும். நாணயம் கைக்கு வந்த வரிசையில் ஓர் எண். அந்த எண் கேப்சூலின் மேல் விளிம்பில், பசை விடாமல் உரியும் சின்ன லேபிளில். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக மதிப்பு, ஆண்டு, மின்ட், உலோகம், விட்டம், கேப்சூல் அளவு, வாங்கிய விலை, எந்தப் பெட்டி. பட்டியலை வேண்டிய வரிசைக்கு மாற்றிக்கொள்வது நொடி வேலை. ஸ்லாபுக்கு அதன் சான்று எண்ணையும் எழுதுங்கள். நிறுவனத்தின் தளத்தில் போட்டால் நாணயம் அதுதானா என்று சரிபார்க்கலாம்.

குடியரசு நாணயங்களில் மின்ட் குறி ஆண்டுக்குக் கீழே இருக்கும்: மும்பைக்கு வைரம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்கு ஒன்றுமில்லை. ஒரே ஐந்து ரூபாய் மூன்று மின்ட்டில் வந்திருந்தால் கேப்சூலுக்குள் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். லேபிளில் 'மும்' 'ஹைத' என்று இரண்டெழுத்தாவது எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் லென்ஸ் தேட வேண்டியதில்லை.

வங்கி லாக்கர்

விலை உயர்ந்த சிலவற்றுக்கு லாக்கர் நல்லதுதான், மொத்தச் சேகரிப்புக்கும் அல்ல. வாடகைக்குத் தக்க இடம் கிடைப்பதில்லை, பார்க்க வேண்டுமென்றால் வங்கி நேரத்துக்குப் போக வேண்டும், ஜெல் பச்சையானதா என்று இடையில் தெரியாது. 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் வாடகை என்றால் மூன்று லட்சம். வங்கியின் அலட்சியம் இல்லாமல் வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றத்தில் போனால் அதுவும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்கள், லாக்கர் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

லாக்கருக்குப் போவது எதுவாயினும் தனி டப்பாவில், ஜெல்லோடு, நெருக்கமில்லாமல் போகட்டும். போகும்போதெல்லாம் காய்ந்த ஜெல் பையைக் கொண்டுபோய் மாற்றிவிட்டு வரலாம். எந்த எண்கள் லாக்கரில் என்பதைப் பட்டியலில் குறித்து, அதன் ஒரு பிரதியை வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, கேட்டாலும் அவர்களால் சொல்ல முடியாது.